விதைத்தபின் மூடுவது

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

திடீரென்று கடிதம் எழுதி உங்கள் வேலையைக் கெடுப்பதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். விதைப்பு நேரம் என்று தெரியும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. அங்கே நின்று நீங்கள் "ம்", "சரி", "ஆமா" என்பதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை. உங்களுக்குப் பின்னால் பெரியப்பா செருமுவது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? மாடுகள் எப்படி இருக்கின்றன?

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. எங்கள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மூன்று மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலோர மேசை ஆசிரியருடையது. நான் பிறப்பதற்கு முன்பே லத்தீன் - தமிழ் அகராதியைத் தொடங்கியவர், இப்போதுதான் 'ஓ' வரிசைக்கு வந்திருக்கிறார். நடு மேசையில் தட்டச்சு செய்கிற அம்மா. "இது லவா, ளவா?" என்று என் கையெழுத்தைக் காட்டிக் கேட்பார். அதைத் தவிர என்னிடம் அவருக்குப் பேச ஒன்றும் இல்லை. கதவோர மேசை எனக்கு.

கல்லூரியில் எனக்கு லத்தீன் வகுப்புதான் கிடைத்தது என்று வீட்டில் வந்து சொன்னபோது அண்ணன் என்ன சொன்னான் என்று நினைவிருக்கிறதா? "செத்துப்போன பாஷையா? நல்லதுதான், எதிர்த்துப் பேசாது." அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. ஆசிரியர் ஒவ்வொரு முறை என்னைத் திருத்தும்போதும், எதிர்த்துப் பேசாதது மொழியா நானா என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வாரம் எனக்கு ஒரு வினைச்சொல்லைத் தந்திருக்கிறார்: ஒக்காரே. உழவர்களின் சொல். விதைத்த பிறகு மண்கட்டிகளை உடைத்து, விதையை மூடி, நிலத்தைச் சமமாக்குவது என்று பொருள். இதற்கு நேராகத் தமிழில் என்ன எழுதுவது? நம் நிலத்தில் அந்த வேலையின்போது பலகை துள்ளாமல் இருக்க எடை வேண்டும் என்று அண்ணன் என்னைத் தூக்கி அதன்மேல் நிறுத்துவான். எனக்கு எடைக்கல் என்று பெயர் வந்ததே அப்படித்தான். பலகை நினைவிருக்கிறது, காலுக்கடியில் அது அதிர்ந்தது நினைவிருக்கிறது. அந்த வேலையை என்னவென்று சொல்வோம் என்பது மறந்துவிட்டது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். அவசரமில்லை. அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
எடைக்கல்

ஜூன் 17

எடைக்கல்லுக்கு அண்ணி எழுதறது.

நான் நல்லா இருக்கேன். முதுகு அப்படியேதான் இருக்கு. அது வலிக்கலன்னா எனக்கே என்னை அடையாளம் தெரியாது. மாடு ரெண்டும் சௌக்கியம். மோட்டாருக்குத்தான் உடம்பு சரியில்ல. நீ வேளைக்குச் சாப்பிடறியா, இல்ல புஸ்தகத்தைத் தின்னுட்டுப் படுத்துக்கறியா?

கடுதாசி போட்டதுக்கு மன்னிப்பு கேக்கற ஆளு உலகத்துல நீ ஒருத்திதான். சின்ன வயசுல கதவுல இடிச்சுக்கிட்டா கதவுகிட்ட மன்னிப்பு கேப்பியாம். உங்க அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

ஒக்காரேங்கறது என்ன பெரிய வார்த்தை? வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் தெனமும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க. ரெண்டு நிமிஷம் நின்னு துக்கம் விசாரிச்சுட்டு, கூரைல எங்க ஒழுகுதுன்னு பாத்துட்டுப் போயிடறாங்க.

சரி, வெளையாட்டு போதும். அந்த வேலைக்குப் பரம்படிக்கிறதுன்னு பேரு. பலகைக்குப் பேரு பரம்பு. விதைச்சா அன்னிக்கே அடிச்சு மூடிடணும். விட்டு வெச்சா குருவி பாத்துடும். ஒண்ணு பாத்தா போதும், போய்க் கூட்டத்தையே கூட்டிக்கிட்டு வந்துடும். இந்த வருஷம் பலகை மேல நிக்க ஆளில்லன்னு ஒரு கல்லைத் தூக்கி வெச்சுக் கட்டினேன். பாதி தூரம் போறதுக்குள்ள உருண்டு விழுந்துடுச்சு. உழுதுட்டுக் கெளம்பின டிராக்டர்காரர் அதைப் பாத்துச் சிரிச்சுட்டாரு.

உன் கடுதாசியைத் தபால்காரர் பெரியப்பாகிட்டதான் குடுத்துட்டுப் போனாரு. அவர் பிரிக்கல. ஆனா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்த மாதிரி உறை கசங்கியிருந்துச்சு.

ஏதோ கேக்கணும்னு எழுதியிருக்கியே, என்னது? உடம்புக்கு ஏதாவதா? எதுவா இருந்தாலும் மறைக்காம எழுது.

அண்ணி

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். 'பரம்படித்தல்' என்று வாசித்ததும் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்கேர்ந்து புடிச்சீங்க?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். "உங்க அண்ணியைக் கேட்டு 'ஓ' வரிசை முழுக்க முடிச்சுடலாம் போலிருக்கே" என்றார். தட்டச்சு அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் மோட்டாரைப் பற்றி மட்டும் விவரமாக எழுதிவிட்டு உங்களைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள்.

பொருள் கிடைத்துவிட்டது. இப்போது அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அந்தக் காலத்திலேயே இதைப் பற்றி இரண்டு பெரிய படிப்பாளிகள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்கட்டிகளை வெட்டிக் கொல்வதால் அந்தப் பெயர் என்று ஒருவர். விதையைக் கண்ணில் படாமல் மண்ணுக்குள் மறைப்பதால் அந்தப் பெயர் என்று மற்றவர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. நீங்கள் எழுதிய குருவியும் அதற்குள் வந்துவிடுகிறது. ஆசிரியரிடம் சொன்னேன்.

"ஏன் அது?" என்றார்.

"நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்குன்னுதான் அந்த ஆளும் எழுதினான். ரெண்டாயிரம் வருஷமாத் தப்பா இருக்கு."

ரோமானியர்கள் பரம்படித்த கருவிக்குப் பல் இருந்ததாம். அந்தக் கருவியின் பெயர்தான் வினையாகியிருக்கிறது. பக்கத்து மொழிகளிலும் அதே கருவிக்கு அதே சாயலில் பெயர் இருக்கிறது. கூர்மை என்பதுதான் அதன் வேராக இருக்கலாம் என்கிறார்கள். மறைப்பதும் இல்லை, கொல்வதும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் வரைவில் மறைப்பதையே எழுதி வைத்திருக்கிறேன். வெட்டும்போது வெட்டட்டும்.

என் அறை ஒரு சலவைக்கடைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? கடை இயங்கும்போது தரை வெதுவெதுப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் ஓடாது. போன ஞாயிறு மாலை ரொட்டிக்கடையில், "சில்லறை இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்று சொல்ல வாய் திறந்தால் குரல் வரவில்லை. காலையிலிருந்து அதை உபயோகிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அறை சின்னதுதான். ஆனால் இங்கே இருக்கிற பெரிய அலமாரியைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டால் சுவரோரம் இன்னொரு கட்டில் போடலாம். அளந்து பார்த்தேன். கீழே சலவைக்கடை அம்மா துணி மடித்து அடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை. முதுகுக்கு நல்லது. சும்மாதான் எழுதினேன்.

உங்கள்
எடைக்கல்

ஜூலை 30

எடைக்கல்லுக்கு,

பதில் போட நாளாயிடுச்சு. மழையும் களையும் ஒண்ணா வந்துடுச்சு. நான் நல்லா இருக்கேன். மோட்டாரும் இப்ப நல்லா இருக்கு, டிராக்டர்காரர் பிரிச்சுச் சரி பண்ணிக் குடுத்துட்டாரு.

அலமாரியைத் தள்ளாதே. சலவைக்கடைக்கு மேலன்னா செவரு ஈரமா இருக்கும், பின்னாடி என்ன இருக்கோ.

ரொட்டிக்கடைல குரல் வரலன்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சுட்டு அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. தெனமும் அந்தச் சலவைக்கடை அம்மாகிட்ட ஏதாவது பேசு. என்ன பேசறதுன்னு தெரியலன்னா சோப்பு என்ன வெலைன்னு கேளு.

இனிமே கடுதாசியைப் பின்னாடி எழுதியிருக்கற விலாசத்துக்குப் போடு. டிராக்டர் பட்டறை விலாசம். அங்க யாரும் வெளிச்சத்துல புடிச்சுப் பாக்க மாட்டாங்க.

அண்ணி

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

மழை நின்றதா? நீங்கள் சொன்னபடி சலவைக்கடை அம்மாவிடம் சோப்பு என்ன விலை என்று கேட்டேன். "கடை வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். நான் அவசரமாக இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது படியேறும்போதெல்லாம், "என்னம்மா, போட்டிக்கடை எப்போ தெறக்கறே?" என்கிறார்.

ஆசிரியர் 'ஒக்காரே'யை இன்னும் விடவில்லை. சொல் வழங்கிய இடங்களை எல்லாம் தேடச் சொன்னார். தேடும்போது வேடிக்கையான ஒன்று அகப்பட்டது. விதைத்த பிறகு பரம்படிக்க வேண்டியிருந்தால் அந்த நிலத்தை ஒழுங்காக உழவில்லை என்று அர்த்தம் என்பது பழைய ரோமானிய உழவர்களின் கருத்தாம். சரியாக உழுதிருந்தால் கட்டியே இருக்காது, பிறகு எதற்குப் பலகை என்கிறார்கள். உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன். இந்தத் தடவை நமக்கு உழுதது அந்த டிராக்டர்காரர்தானே? ரோமானியர்கள் பார்த்திருந்தால் கூலியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் நலம். அலமாரியைத் தள்ளவில்லை.

உங்கள்
எடைக்கல்

ஆகஸ்ட் 14

எடைக்கல்லுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கேன்னு நெனைக்கறேன்.

உன் ரோமாபுரிக்காரங்க வந்து நம்ம மண்ணை ஒரு தடவை உழுது பாக்கட்டும். காஞ்சா செங்கல்லு, நனைஞ்சா பசை. அது உனக்குத் தெரியாதா? புஸ்தகத்துல ஒருத்தன் எழுதி வெச்சான்னு, பாக்காத ஒருத்தர் வேலையைக் குத்தம் சொல்லலாமா?

டிராக்டர்காரர் மொதல்ல நீளவாக்குல ஓட்டினாரு. மறுநாள் வந்து குறுக்கால ஓட்டினாரு. நான் குறுக்க ஓட்டச் சொல்லவே இல்ல. வரப்போரம் வண்டி திரும்பாத மூலையில எறங்கி மண்வெட்டியால கொத்தினாரு. கூலிக்கு வர்றவங்க யாராவது அதைச் செய்வாங்களா? காலைல வந்தவரு சாப்பாட்டுக்குக்கூட எறங்கல. நான் கொண்டுபோய் வெச்சது ஆறி அவலாப் போனப்புறம் வந்து தின்னாரு. அன்னிக்குக் கொழம்புல உப்பு போட மறந்துட்டேன். அவரு வாயைத் தெறக்கல. நான் அப்புறமா தின்னப்பதான் தெரிஞ்சுச்சு.

கல்லு உருண்டுச்சுன்னு எழுதினேன்ல? அதைப் பாத்துட்டு அவரே வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்து, "கல்லெல்லாம் வேணாங்க, நீங்க ஏறி நில்லுங்க, நான் மெதுவா இழுக்கறேன்"னாரு. நின்னேன். இந்த முதுகை வெச்சுக்கிட்டு நான் விழுந்துடுவேனோன்னு அவரு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டினதுல ஒரு தடம் கோணலாப் போயிடுச்சு. மொத்த நெலத்துலயும் கோணல்னா அது ஒண்ணுதான். இப்ப அந்த எடத்துல சோளம் வளைஞ்சு நிக்குது, பாத்தா எனக்கே சிரிப்பு வருது.

மத்தபடி அவரு உழவை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. மொளைச்சு நிக்கறதை வந்து பாக்கச் சொல்லு உங்க ஆசிரியரை. கூலியைப் புடிக்கறதாமே. அவரு கூலியே வாங்கிக்கல.

அண்ணி

செப்டம்பர் 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் உரிய காலத்தில் கிடைத்தது. வேலை மிகுதியால் உடனே பதில் எழுத முடியவில்லை. நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன்.

'ஒக்காரே' என்ற சொல்லுக்கு நேராகப் 'பரம்படித்தல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உழவைப் பற்றித் தாங்கள் எழுதிய விவரங்களை ஆசிரியரிடம் காட்டவில்லை. அகராதிக்கு அவ்வளவு விவரம் தேவைப்படாது. இனி இது தொடர்பாகத் தங்களுக்குச் சிரமம் தர வேண்டியிருக்காது.

முதல் கடிதத்தில் ஒன்று கேட்பதாகச் சொல்லியிருந்தேன். அது இப்போது தேவைப்படவில்லை.

இப்படிக்கு,
எடைக்கல்

அக்டோபர் 5

எடைக்கல்லுக்கு,

'தங்கள்'னு இருந்ததைப் பாத்துட்டு வேற யாருக்கோ வந்த கடுதாசியோன்னு உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். என் பேருதான் இருந்துச்சு.

நான் நல்லா இருக்கேன். சோளம் அறுத்தாச்சு. அங்க குளிர ஆரம்பிச்சிருக்கும். உன்கிட்ட கனமான போர்வை இருக்கா? இல்லன்னா எழுது.

அண்ணி

நவம்பர் 25

எடைக்கல்லுக்கு,

போர்வை பத்தி நீ ஒண்ணும் எழுதல. அதனால நானே ஒண்ணு அனுப்பியிருக்கேன், தனியா பார்சல்ல வரும்.

எழுதி எழுதிக் கிழிச்சுட்டு இதை எழுதறேன். இதையும் கிழிக்கறதுக்கு முன்னாடி போட்டுடணும்னு பட்டறைல உக்காந்தே எழுதறேன். சுத்தியல் சத்தத்துல கை ஆடுது, எழுத்து அசிங்கமா இருந்தா கோச்சுக்காதே.

டிராக்டர்காரர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டாரு. அறுப்புக்கு முன்னாடியே கேட்டாரு. நான் பதில் சொல்லல. அவருக்கு அம்மா மட்டுந்தான். அந்தம்மா என்னைக் கூப்பிட்டு, "சமைக்கத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. "தெரியும், உப்பு மட்டும் மறந்துடுவேன்"னேன். "கவலைப்படாதே, அவனுக்கு நாக்கே கெடையாது"ன்னுச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வீட்டுக்குள்ள உக்காந்து சிரிச்சேன்டி.

பெரியப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. கூடத்துல நின்னு, "எங்க பையன் போட்டோ தொங்கற செவுத்துக்கு நேரா நின்னு இதைச் சொல்லு பாக்கலாம்"னாரு. சொல்ல முடியல. உனக்கும் எழுதறேன்னு சொல்லியிருக்காரு. அவர் கடுதாசி வந்து நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

உன்கிட்ட மறைக்கணும்னு மறைக்கல. யார் கண்ணுலயாவது பட்டா மொளைக்கறதுக்கு முன்னாடியே கொத்திடுவாங்கன்னு பயந்தேன். உன்னையும் அந்த யாரோல சேத்துட்டேன். அதுதான் தப்பு.

வீட்டுச் சாவியை உனக்கு அனுப்பிடறேன். வீடு உங்க அண்ணனுது, உனக்குத்தான். நான் என் துணியை மட்டும் எடுத்துக்குவேன். போட்டோவை என்ன பண்றதுன்னு தெரியல. எடுத்துக்கிட்டுப் போகவும் முடியாது, பூட்டின வீட்டுல தனியா விட்டுட்டுப் போகவும் மனசு வரல.

நீ வேணாம்னா வேணாம். இது வாய் வார்த்தை இல்ல, அவருகிட்டயும் சொல்லிட்டேன். எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தி. நீயும் உங்க அண்ணன் வழியா வந்தவ. நான் இன்னொரு வீட்டுக்குப் போயிட்டா நீ எனக்கு யாரு, நான் உனக்கு யாரு? மொறத்துல சோளம் பொடைக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அதேதான் மண்டைக்குள்ள ஓடுது.

எதுவா இருந்தாலும் எழுது. 'தங்கள்'னு மட்டும் எழுதாதே.

அண்ணி

டிசம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

போர்வை வந்தது. போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? பலகைமேல் நின்றபோது வலிக்கவில்லையா? அதை ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதைப் படியிலேயே பிரித்துப் படித்துவிட்டேன். சலவைக்கடை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, லெட்டர் வந்தா மேல ஓடுவே, இன்னிக்கு இங்கேயே உக்காந்துட்டே? கெட்ட சேதியா?" என்றார்.

"இல்லம்மா. எங்க அண்ணிக்குக் கல்யாணம்."

அவர் கையில் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டார். "அண்ணிக்கா? அப்போ உங்க அண்ணன்?"

"இல்ல."

"ஓ" என்றார். பிறகு விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "இந்தப் பக்கம் புடி" என்றார். இரண்டு பேருமாக அங்கிருந்த விரிப்புகளை எல்லாம் மடித்து முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்தச் செய்தி எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது என்றில்லை, ஆகஸ்டிலேயே தெரியும். ரோமானியர்களின் கருத்தை எழுதினால் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சண்டைக்கு வந்தீர்கள். அதுவரை உங்களிடமிருந்து வந்த கடிதங்களிலேயே நீளமானது அது. அவ்வளவு சீக்கிரம் நீங்கள் பதில் போட்டதும் அதற்குத்தான். தொடக்கத்தில் 'டிராக்டர்காரர்' என்று இருந்தவர், நடுவிலிருந்து 'அவரு' ஆகிவிட்டார். உங்கள் வாயில் 'அவரு' என்றால் இதுவரை எனக்கு அண்ணன் ஒருவன்தான். அந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். 'தங்கள்' என்று எழுதியது அதனால்தான்.

பெரியப்பாவின் கடிதமும் வந்தது. குடும்ப கௌரவம், ஊர் வாய், படித்த பெண்ணான நான் எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை என்று நான்கு பக்கம். இப்படிப் பதில் போட்டிருக்கிறேன்: "பெரியப்பாவுக்கு வணக்கம். தங்கள் உடல்நலம் அறிய ஆவல். அண்ணியின் கல்யாணம் எனக்குச் சம்மதம். கூரை எங்கே ஒழுகுகிறது என்று தாங்கள் அடிக்கடி பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இனி அதை நானே பார்த்துக்கொள்கிறேன்." வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அண்ணன் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

ஆசிரியர் 'ஒக்காரே'யை முடித்துவிட்டார். நான் எழுதி வைத்திருந்த மறைக்கும் கதையை வெட்டிவிட்டு, கருவியின் பெயரிலிருந்து வந்தது என்றே போட்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "விதையை மறைப்பதால் வந்த பெயர் என்று பழங்காலத்தில் கருதியவரும் உண்டு" என்று சிறிய எழுத்தில் கீழே ஒரு வரி சேர்த்தார். தட்டச்சு அம்மா அதை அடிக்கும்போது, "இது யாருக்காக?" என்று கேட்டார். "எங்களுக்காக" என்றார் ஆசிரியர், என்னையும் சேர்த்துக் காட்டி. நீங்கள் மறைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை அண்ணி. விதையை மூடியதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

முதல் கடிதத்தில் நான் கேட்க நினைத்தது என்னவென்று நீங்கள் அலமாரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். இங்கே வந்து என்னோடு இருந்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தேன். உங்கள் முதுகுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக. கேட்டிருந்தால் நீங்கள் வந்தும் இருப்பீர்கள். கேட்காமல் போனது நல்லதுதான். அப்படித் தோன்ற எனக்கு நான்கு மாதம் ஆயிற்று, இன்னும் முழுவதும் தோன்றவில்லை.

அலமாரியை நேற்றுத் தள்ளிவிட்டேன். சுவரில் ஈரம் இல்லை, வேறு நிறத்தில் ஒரு பெரிய கட்டம் மட்டும் இருக்கிறது. ஆணி அடித்திருக்கிறேன். அண்ணன் போட்டோவை அனுப்பிவிடுங்கள். அவனை யாரும் பூட்டின வீட்டில் விட வேண்டாம், நீங்களும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இங்கே என்னோடு இருக்கட்டும். கண்ணாடி உடையாமல் இருக்கத் துணியில் சுற்றி அனுப்புங்கள். சாவியை மட்டும் நீங்களே வைத்திருங்கள். நான் வரும்போது கதவைத் திறக்க யாராவது வேண்டும்.

கல்யாணத் தேதியை எழுதுங்கள். விடுப்புக்குச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள்
எடைக்கல்

பி.கு. கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் இதைக் கேட்கத் தைரியம் வருகிறது.

உங்களை நான் அண்ணி என்று கூப்பிட்டால், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் நல்லவர் என்று தெரிகிறது. உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவர், மூலையை மண்வெட்டியால் கொத்தியவர். ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அது அண்ணனிடமே இருக்கட்டும். அக்காவின் வீட்டுக்காரர் என்றால் மாமா என்று கூப்பிடலாம். அப்படி நான் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. அதனால் யாரிடமிருந்தும் எடுத்துக் கொடுப்பது போல இருக்காது.

நீ எனக்கு யார், நான் உனக்கு யார் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதே மாற்றி எழுதியிருப்பேன். கேட்காமல் எழுதக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கடிதத்திலிருந்து உங்களை அக்கா என்று எழுதட்டுமா?